இருபத்து மூன்று கிலோ

வூச் நகரத்தில் பனி.
கட்டிலின் மேல் கோடையை விரித்து வைத்திருக்கிறேன்.

புரைதா மருத்துவமனையின் கடிதத்தில்
டயாலிசிஸ் இயந்திரங்களைப் பற்றி நான்கு பக்கம்,
உடையைப் பற்றி ஒரே வரி:
அடக்கமாக இருக்கட்டும்.

அடக்கம்.
பெட்டிக்குள் அடங்குவது ஒன்று,
ஆளை அடக்குவது வேறொன்று.
எது கேட்கிறார்கள் என்று தெரியாமல்
கண்ணாடியில் என் முழங்கையைப் பார்க்கிறேன்,
நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக.
சொரசொரவென்று, வால்நட் ஓடு மாதிரி.
பாவம், இதைப் பற்றி
இதுவரை யாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்ததில்லை.

கையில்லாதது வேண்டாம்.
கழுத்து இறங்கியது வேண்டாம்.
கிழிந்த ஜீன்ஸ், வேண்டவே வேண்டாம்.
வெள்ளைச் சட்டை? வெயிலில் உள்ளே தெரியும், வேண்டாம்.
வேண்டாத குவியல் ஏற ஏற
தரையில் உட்கார்ந்திருக்கும் கலினா
ஒவ்வொன்றாய்த் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.
பதினாறு வயது. என் இடுப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது.
திங்கட்கிழமை முதல் அப்பா வீட்டில் இருப்பாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை,
துணி மடிக்கிறோம்.

நெசவாலையாக இருந்து அங்காடியான கட்டடத்தில்
நான்கு கறுப்புப் பாவாடை வாங்கி வந்தேன்.
நான்கும் கணுக்கால் வரை.
பில் போட்ட பெண் தலை சாய்த்து
வருத்தமான விஷயமா என்று கேட்டாள்.
வேலை விஷயம் என்றேன்.

அப்போதுதான் வந்தது ஹைலாவின் குரல் செய்தி.
நான் வேலை செய்யப்போகும் வார்டின் தலைமைச் செவிலி.
பின்னால் ஏலக்காய் இடிக்கும் சத்தம்,
ஒரு பையனின் அழுகை, அவனை அதட்டும் இன்னொரு பையன்.

"போக்னா, கம்பளி கொண்டு வா.
ஜனவரி விடியலில் இங்கே குழாய்த் தண்ணீரைத் தொட முடியாது.
அபாயா நான் வாங்கி வைக்கிறேன், உன் உயரம் மட்டும் சொல்.
அப்புறம், நல்ல கவுன் ஒன்று.
ரஜபில் என் தங்கைக்குக் கல்யாணம்.
பெண்கள் மண்டபம், வாசலிலேயே போனை வாங்கிவிடுவார்கள்.
தயவுசெய்து கறுப்பில் வந்துவிடாதே,
என் அத்தைகள் துக்கம் விசாரிப்பார்கள்."

முதுகு திறந்த மாதிரி ஒன்றுதான் இருக்கிறது, பரவாயில்லையா
என்று கேட்டு அனுப்பினேன்.
பதிலில் சிரிப்பு மட்டும், பதினொரு விநாடி.
கடைசியில், "அதைத்தான் கொண்டு வா."

அதைத்தான்.
பச்சைப் பட்டு. முன்பணம் கட்டி
மூன்று தவணையில் வாங்கி
புத்தாண்டு விருந்துக்குப் போட்டு
மேலே ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு போனது.
திரும்பிப் பார்த்தேன்.
பைஜாமாவின் மேலேயே அதை மாட்டிக்கொண்டு
கலினா நின்றாள்.
ஜிப் பாதியில் நின்றிருந்தது.

"இங்கே ஒரு தடவையாவது காட்டினாயா உன் முதுகை?
அங்கே போய்க் காட்டப்போகிறாயா?"

என்னிடம் பதில் இல்லை.
கோபமா கிண்டலா என்றும் புரியவில்லை.
கழற்றினாள், மெதுவாக,
மடிக்காமல் பெட்டியின் மேலே போட்டாள்.

குளியலறைத் தராசில் ஏறினேன்:
பெட்டியில்லாமல் அறுபத்தேழு,
பெட்டியோடு தொண்ணூற்றொன்று.
ஆள் பாதி ஆடை பாதி என்பது பொய்.
ஆனாலும் ஒரு கிலோ அதிகம்.

கம்பளியா, காலணியா என்று நான் தடுமாற
கலினா கையை விட்டுத் துழாவி
கறுப்புப் பாவாடைகள் மூன்றை உருவினாள்.
"கறுப்பு அங்கேயே கிடைக்கும், அம்மா."
உருவிய வேகத்தில் பச்சையின் ஓரம்
பெட்டி விளிம்புக்கு வெளியே தொங்கியது.

"இன்னொரு தடவை ஏறு."
ஏறினேன்.
அவளும் ஏறிக்கொண்டாள், என் காலுக்குப் பக்கத்தில் கால் வைத்து,
விழாமலிருக்க என் முழங்கையைப் பிடித்தபடி.
முள் பதறிப் பதறி
எங்கோ ஓர் எண்ணில் போய் நின்றது.
குனிந்து பார்க்க
இருவருக்கும் இடமில்லை.